கோழி இறகை பாக்டீரியாவிடம் விடலாமா, பாய்லரில் போடணுமா?

பல்லடம்_கறிக்கடை:
தினமும் நூறு கறிக்கோழி அறுக்கிறேன். இரண்டு கிலோ கோழிக்கு 100 கிராமுக்குக் குறையாமல் இறகு வரும். எடுத்துப்போகும் வண்டிக்காரர் இராத்திரியில் வாய்க்கால் கரையில் கொட்டுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. இறகைக் கழுவி டிரம்மில் போட்டு, பேசில்லஸ் என்ற பாக்டீரியாக் கரைசல் ஊற்றி மூடி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் திறந்தால் மெல்லிய தூவி எல்லாம் கஞ்சியாகிவிட்டது, காம்பு மட்டும் மிச்சம். ஒவ்வொரு கடையிலும் இதைச் செய்யலாம்.

நாமக்கல்_பண்ணை:
அண்ணா, பன்னிரண்டு நாளா? அழுத்த நீராவியில் சில மணி நேரத்தில் வெந்துவிடும், அரைத்தால் தீவனத்துக்கு இறகு மாவு. கிருமியும் சாகும். இறகில் கந்தகம் அதிகம். மூடிய டிரம்மில் அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாருங்களா?

பல்லடம்_கறிக்கடை:
நாற்றம் வந்தது உண்மைதாங்க. ஆனால் பத்துக் கிலோ இறகுக்கு யார் பாய்லர் போடுவாங்க?

ஈரோடு_மைக்ரோ:
இறகில் பெரும்பங்கு கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் வயிற்று நொதிகளுக்கு மசியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழிக்கழிவுக் கலனிலிருந்தே ஒரு பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸைப் பிரித்தார்கள். 1990-இல் கட்டுரை வந்தது. அது 50 டிகிரி சூட்டில் பத்து நாளில் இறகைக் கரைத்தது. உங்கள் டிரம் பகலில் சுட்டு, இராத்திரி ஆறிவிடும். அதோடு காற்றும் வேண்டும், மூடினால் நாற்றக் கிருமிதான் ஜெயிக்கும்.

நாமக்கல்_பண்ணை:
அதைத்தானே சொல்கிறேன், அந்தச் சூடு கடைக்குள் நிற்காது. தோலோடு உரித்த இறகில் கொழுப்பும் இரத்தமும் வேறு ஒட்டியிருக்கும்.

ஈரோடு_மைக்ரோ:
அது நியாயமான குறைதாங்க, தோலைப் பிரிக்காமல் போடவே கூடாது. ஆனால் நீராவியும் குறையில்லாதது இல்லை. கடுமையாக வேகவைத்தால் சில அமினோ அமிலங்கள் கெடும். எப்படிச் செய்தாலும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவுதான், தீவனத்தில் தனியாகச் சேர்க்கணும். உரமென்றால் அந்தக் கவலை இல்லை. காய்ந்த இறகில் சுமார் 15 சதம் தழைச்சத்து.

வாய்க்கால்_கரை:
கொட்டுகிற இடத்தில் குடியிருக்கிறோம். ஈரமான இறகுச் சுருளை நாய் இழுத்து வந்து வாசலில் போடுகிறது. பாய்லரோ டிரம்மோ, முதலில் அந்த வண்டியை நிறுத்துங்க.

பல்லடம்_கறிக்கடை:
நிறுத்திட்டேங்க. அடுத்த டிரம்மில் தோல் இல்லாத இறகு, மீன்தொட்டிக் காற்று மோட்டார். ஒரு கிலோ காய்ந்த இறகை எடைபோட்டுத் தொடங்குகிறேன். பதினைந்தாம் நாள் மிச்சக் காம்பை வடிகட்டி, காயவைத்து எடைபோடுவேன்.

நாமக்கல்_பண்ணை:
சரிங்க, அந்த எடையை இங்கேயே போடுங்க. நன்றாக மக்கவைத்துத் தென்னைக்கு வைங்க, நான் மறுக்கவில்லை. வேகாத அந்தக் கஞ்சியைக் கோழிக்கு மட்டும் கொடுக்காதீங்க.