தொழுநோய் மாத்திரையால் தோல் கறுக்கிறது: சிகிச்சை முடித்தவர்கள் பேச முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா தொழுநோய்க்கு 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையில் இருக்கிறார். பாதி தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி.; அப்புறம் தினமும் டாப்சோன் 100, குளோஃபாசிமின் 50. இப்போது முகமும் கையும் கறுத்துக்கொண்டே வருகின்றன. "ஊருக்கே தெரிந்துவிடும், இனி போடமாட்டேன்" என்கிறார்.

குளோஃபாசிமின் அடிப்படையில் ஒரு சாயப்பொருள். கொழுப்பிலும் தோலிலும் தங்கி மிக மெதுவாகத்தான் வெளியேறும். மருந்து முடிந்தபின் நிறம் தானாகக் குறையும், ஆனால் மாதங்கள் ஆகலாம் என்று மருத்துவர் சொன்னார். பெரியப்பா நம்பவில்லை. அவர் நடுவில் நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம். டாப்சோனை மட்டும் கொடுத்த காலத்தில் கிருமிகள் அதற்கு அடங்காமல் போனதால்தானே 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது!

இந்தச் சிகிச்சையை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிறம் மங்க உங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது? தோல் வறட்சிக்கு என்ன தடவினீர்கள்? பெரியப்பாவோடு ஒரு பத்து நிமிடம் போனில் பேசினால் பெரிய உதவி. உள்பெட்டியில் எழுதினாலும் சரி, உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன்.