ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன்:
காம்ரேட்ஸ் ஓட்டம் நெருங்கினால் எங்கள் குழுவில் எல்லோர் பையிலும் வைட்டமின் சி, ஈ, பெர்ரி பவுடர் என்று டப்பாக்கள் முளைத்துவிடும். நிறைய மெடல் வாங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். “டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இவ்வளவு ஓடினா உடம்பு துருப்பிடிக்கும் தம்பி, மாத்திரையைப் போடு” என்பார்.

பாதி சரிதான். ஓடும்போது தசையில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்களைத் தாக்கும் மூலக்கூறுகள், கூடும்; ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கும். ஆனால் அப்படிக் கூடுவதால்தான் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற தற்காப்பு நொதிகளை உடம்பே அதிகமாக உண்டாக்கிக்கொள்கிறது. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு 4 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் 1000 மில்லிகிராம் சி-யும் 400 யூனிட் ஈ-யும் விழுங்கியவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற பயிற்சியின் பலன் கிடைக்கவில்லை.

பெரியவர் இதற்கெல்லாம் மசிய மாட்டார். அவர் கையிலும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதுவும் நம்ம காம்ரேட்ஸ் ஓட்டக்காரர்களை வைத்துச் செய்தது, 1993-இல் வெளியானது. ஓட்டத்துக்கு முன் 3 வாரம் தினமும் 600 மில்லிகிராம் சி எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் பிறகு சளி, தொண்டைவலி. எடுக்காதவர்களில் 68 சதவீதம். ஆகவே என் கணக்கு இப்படி: பயிற்சி மாதங்களில் மாத்திரை கிடையாது, கடைசி 3 வாரம் சி மட்டும். ஈ-யைத் தொடுவதே இல்லை.

ஃபீனிக்ஸ், மருந்துக்கடை:
எங்கள் கடைக்கு ஒரு தாத்தா வருவார். இந்த ஊரில் இன்னும் தமிழில் பேசுகிற சிலரில் ஒருவர். ஒருநாள் பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரைப் பாட்டிலை மேசையில் வைத்து, “சிகரெட்டை விட முடியலைம்மா, நுரையீரலுக்காவது இது நல்லதாமே” என்றார். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்க்கிறது.

உங்களுக்கு மட்டும் இது வேண்டாம் தாத்தா என்று சொல்லிவிட்டேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்துப் பல வருடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் தின்றால் இந்த வம்பு இல்லை. தாத்தா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் நான் காட்டிய நிக்கோட்டின் சூயிங்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை!

இன்னொன்று: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஈ எடுக்காதீர்கள், ரத்தக்கசிவு ஆகலாம்.

மெரேபாங்க்:
மாத்திரைக்கு நான் செலவழிப்பதில்லை. வார்விக் சந்தையில் ஜூலு ஆச்சிகள் இம்ஃபினோ என்று கட்டுக்கட்டாய் விற்பதைப் பிரித்துப் பாருங்கள், பாதி நம்ம கீரைதான், தண்டு சிவந்திருக்கும். தக்காளியை எண்ணெயில் நன்றாக வதக்கினால் பச்சையாய்த் தின்பதைவிட லைகோபீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் உடம்பில் சேரும். அதாவது நம்ம தக்காளிச் சட்னி.

ராய்போஸ் மூலிகைத் தேநீர் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ராய்போஸ் புளிக்கவைத்தது, அதிலுள்ள அஸ்பலாத்தின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டில் பெரும்பகுதி அப்போதே போய்விடும். பச்சை ராய்போஸில்தான் நிற்கும். மாமியாருக்குப் போட்டுக் கொடுத்தேன். “மாட்டுக்குக் கொடு” என்றார்.

சாட்ஸ்வர்த், டர்பன்:
அக்கா, அந்த ஆச்சிகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்? சனிக்கிழமை ஓடிவிட்டு அந்த வழியாகத்தான் வருவேன்.