மறுமொழி: வேகத்தில் டயர் உயர்வதற்கு ஒரு சொல்

ம.
குழும அன்பர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதிவேகத்தில் மையவிலக்கு விசையால் டயரின் சுற்றளவு கூடுகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? மூலத்தில் உள்ளபடி 'டயர் வளர்ச்சி' என்று போட்டால் தொழில்துறை அறிக்கை மாதிரி இருக்கிறது. அளவு மாற்றி டயர் போடும்போது மட்கார்டு, செயின் பக்கம் இதற்கும் சேர்த்து இடைவெளி விட வேண்டும் என்ற எச்சரிக்கையில் வருகிறது. படத்தில் அம்புக்குறி அருகே ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

க.
'உப்பல்' இருக்கும்போது என்ன கவலை? இல்லையென்றால் 'பருத்தல்'. மெக்கானிக்குக்குச் சட்டென்று புரியும்.

ந.
> சட்டென்று புரியும்

புரியும், தப்பாகப் புரியும். உப்பல் என்றால் காற்று கூடிவிட்டது என்று நினைப்பார்கள். புடைப்பு என்றால் பக்கச்சுவரில் நூல் அறுந்து கிளம்பும் கட்டி. நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம்.

300 மி.மீ. ஆரமுள்ள டயர், மணிக்கு 300 கி.மீ. வேகம். வெளி விளிம்பில் இருக்கும் ரப்பரின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 2,360 மடங்கு. 10 கிராம் ரப்பர்த் துண்டைப் பிய்ந்து போகாமல் பிடித்து நிறுத்த, 23 கிலோவுக்கு மேல் தூக்கும் அளவு விசை வேண்டும். நூலடுக்குகளைச் சாய்வாகக் குறுக்கே குறுக்கே போட்ட பழைய வகை டயரில் இதன் விளைவு நன்றாகவே தெரியும். நடு முகடு எழும். அது எழ எழப் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபடும். அதாவது உயரம் கூடி அகலம் குறைகிறது. வளைவாக இருந்த குறுக்குவெட்டு நடுவில் கூம்பிக்கொள்கிறது, நேராக ஓடும்போது தரையைத் தொடும் பரப்பும் சிறுக்கிறது. இளைக்கிற ஒன்றைப் 'பருத்தல்' என்பதா?

சுற்றுவாக்கில் எஃகு நூல் சுற்றிய ரேடியல் டயரில் இது மிகக் குறைவு. நூலே இடுப்புக்கச்சை போல இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆ.
அப்படியானால் 'முகடெழுச்சி'. ஆனால் அதற்கு முன், 'டயர்' என்பதையே ஏன் வைத்துக்கொண்டு அழுகிறோம்? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கும் உமணரின் வண்டியைச் சொல்லும் இடத்தில் உருளி (சக்கரம்), ஆரம் (ஆரக்கால்), சூட்டு என எல்லா உறுப்புக்கும் பெயர் இருக்கிறது. சூடுதல் என்றால் அணிதல். சக்கரம் விளிம்பில் சூடிக்கொள்வது சூட்டு. ரப்பர் வந்ததும் பெயர் காலாவதியாகிவிட்டதா என்ன?

ம.
ஐயா, 'சூட்டு எழுச்சி' என்று அச்சடித்தால் டயர் சூடாகிறது என்றுதான் படிப்பார்கள். டயர் உண்மையிலேயே சூடாகவும் செய்யும். வேண்டாமே.

ஆ.
படிப்பவர் தவறு சொல்லின் தவறாகுமா?

க.
கையேட்டில் ஆகும்.

இ.
'சுழல்பெருக்கம்' எப்படி? வினைத்தொகை, வல்லினம் மிகாது.

ஆ.
சுழல்கிற பெருக்கமா? பெருக்கம் சுழலவில்லை, சுழற்சியால் வருகிறது. ஆகவே மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வல்லினம் வர லகரம் றகரமாகத் திரியும்: 'சுழற்பெருக்கம்'.

இ.
சரி, 'சுழல்விரிவு' என்று போட்டுவிடுவோம். வகரம் வந்தால் லகரம் திரியாது. எந்தத் தொகை என்பதை நீங்கள் ஆற அமரத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

க.
விரிவு என்றால் வெப்ப விரிவு என்று நினைக்க மாட்டார்களா?

இ.
'சுழல்' என்பது முன்னால் நிற்கிறதே. நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறிப் பாயும் டிராக் பந்தயக் கார்களின் பின் டயர்கள், காற்றைக் குறைவாக அடைத்தவை, ஓட ஓடக் கண்ணுக்குத் தெரியவே உயர்ந்து ஒடுங்குகின்றன. கியர் விகிதமே மாறியது போல் ஆகிவிடுகிறது. அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

ந.
ஒடுங்குவதை 'விரிவு' சொல்லவில்லை என்ற குறை எனக்கு இருக்கிறது. 'முகடெழுச்சி'தான் வடிவத்தைச் சொல்கிறது. ஆனால் கையேட்டுக்கு வேண்டியது இடைவெளி. அதற்கு 'சுழல்விரிவு' போதும்.

அடுத்த பக்கத்தில் 'நிலையலை' வருகிறதே, அதைத் தொடாதீர்கள். காற்று குறைந்த டயரை அதன் வரம்பை மீறி ஓட்டினால் நசுங்கிய இடம் நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ரப்பரில் வரிவரியாக மடிப்பு எழும். ரப்பர் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே நின்று பார்ப்பவருக்கு மடிப்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

க.
பள்ளிப் பாடத்தில் நிலை அலைக்குக் கணு (அசையாத புள்ளி), எதிர்க்கணு (மிக அதிகம் அசையும் புள்ளி) எல்லாம் உண்டே. இதில் ஏது? 'மடிப்பலை' என்று பிரித்து வைக்கலாம்.

ந.
வைக்கலாம். திங்கட்கிழமைக்குள் வேண்டாம்.

ம.
நால்வரில் மூவர் ஓரளவுக்கு ஒத்துப்போவதால் 'சுழல்விரிவு' என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'வேகத்தில் டயர் உயர்ந்து ஒடுங்குதல்' என்று விளக்கமும் உண்டு. அனைவருக்கும் நன்றி.

ஆ.
என் வாக்கு 'முகடெழுச்சி'க்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள். 'சூட்டு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

ந.
அச்சுக்கு முன் ஒன்று. நிலையலைப் படத்தில் மடிப்புகளை டயரின் முன்பக்கம் வரைந்திருக்கிறார்கள். தரையை விட்டு ரப்பர் எழும் பக்கம், அதாவது பின்பக்கம்தான் அவை வர வேண்டும். ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.