அம்பர்லா பாவாடையின் அடி ஓரம் நாலு இடத்தில் இறங்குது, என்ன செய்யலாம்?

வடசேரி_தையல்:
கிறிஸ்மஸ் லீவில் காலேஜ் தோழிகள் எல்லாரும் கூடுகிறோம். தீம் 1950-கள். வாடகைக்குக் கிடைக்கிற கவுன் எதிலும் அந்த வடிவம் இல்லை, அதனால் நானே தைக்கிறேன். கரும்பச்சை சாட்டின், 44 இஞ்ச் பன்னா (துணி அகலம்). இடுப்பு 28, பாவாடை நீளம் 26. முழு வட்டம்; கரைக்கு இணையாக ரெண்டு அரை வட்டம் வெட்டி இரு பக்கமும் சேர்த்தேன். தரையில் விரித்தால் வட்டம் கச்சிதம். இடுப்பில் குத்திக்கொண்டு நின்றால் நாலு இடத்தில் மட்டும் ஒரு இஞ்ச் போல இறங்குது. நடுப்பகுதியும் பக்கத் தையலும் சரியாக நிற்குது. இன்னொன்று, பாடியைவிட, அதாவது கவுனின் மேல்பகுதியைவிட, பாவாடையின் இடுப்பு பெரிதாக இருக்கு. ஜிப் இன்னும் வைக்கவில்லை, அடியும் மடிக்கவில்லை.

குளச்சல்காரன்:
ஒரு இஞ்ச்தானே? நாலாக மடித்துப் போட்டு மறுபடி வட்டமா வெட்டிடுங்க.

தக்கலை_டெய்லரக்கா:
தம்பி சொன்னபடி வெட்டிராதீங்க. தரையில் துணி சரியாத்தானே இருக்கு? தொங்கும்போதுதான் இறங்குது. அப்போ தரையில் போட்டு எதை வெட்டுவீங்க?

இறங்குகிற இடம் நாலும் பக்கத் தையலுக்கும் நடுவுக்கும் சரிபாதியில் இருக்கும், பாருங்க. அங்கேதான் முழு கிராஸ், அதாவது நூலுக்குச் சாய்வாகத் துணி தொங்குகிற இடம். நேர்நூலும் குறுக்குநூலும் கனம் தாங்கும். கிராஸில் தாங்க ஒரு நூலும் கிடையாது, பாவாடை தன் கனத்திலேயே நீளும். சாட்டின் வழுக்குகிற துணி, கொஞ்சம் கூடுதலாவே இறங்கும்.

முதலில் இடுப்பு. அந்த வளைவிலும் பாதி கிராஸ்தான், கையில் எடுத்து எடுத்து வைத்தாலே இளகும். வட்டத்தின் ஆரம் எடுக்க இடுப்பை எதால் வகுத்தீங்க? எங்க பக்கம் பல கடைகளில் ஆறால் வகுப்பாங்க. 28-க்கு 4⅔ வரும், அந்த வட்டத்தின் சுற்று 29 இஞ்சைத் தாண்டும். 6.28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4½. அது தையல் விழுகிற கோடு, தையலுக்கு விடுகிற துணி அதற்கு உள்பக்கம்.

வடசேரி_தையல்:
ஆறுதான் அக்கா. பிரித்து மறுபடி வெட்டணுமா?

தக்கலை_டெய்லரக்கா:
வேண்டாம் மக்களே. விளிம்பை ஒட்டிப் பெரிய தையலாக ரெண்டு வரி ஓட்டி, பாபின் நூலை இழுத்து 28-க்குக் கொண்டு வாங்க. சுருக்கம் வெளியே தெரியாதபடி பரவலாக ஒதுக்கி, மேலே பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் அயர்ன் பண்ணுங்க. பாடியோடு சேர்க்கும்போது தையல் மேலேயே 28 இஞ்ச் பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்தால் இனி இளகாது. ஊசி 11-ஆம் நம்பர் போதும், புது ஊசியா இருக்கட்டும். 16 போட்டால் சாட்டினில் இழை இழுக்கும்.

அப்புறம் ஜிப் வைத்து, தோளில் ஹேங்கர் போட்டு ரெண்டு நாள் தொங்க விடுங்க. இறங்குகிறதெல்லாம் இறங்கட்டும். பிறகு விருந்துக்குப் போடப் போகிற செருப்பையும் உள்ளே போடுகிற விறைப்பான கேன்கேன் பாவாடையையும் போட்டு நில்லுங்க. கேன்கேன் பாவாடையைத் தூக்கும், அது இல்லாமல் அளந்தால் அளவு பொய். வீட்டில் ஒருத்தரைத் தரையில் உட்கார வைத்து, மரஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்பீஸ் குறி வைக்கச் சொல்லுங்க. நீங்க குனிந்து பார்க்கக் கூடாது, குனிந்தால் பின்பக்கம் ஏறிடும். குறிக்குக் கீழே அரை இஞ்ச் விட்டு வெட்டி, கால் காலாக ரெண்டு மடிப்பு. அதற்கு மேல் அகலமாக மடித்தால் வட்டத்தில் சுருக்கு விழும். பிக்கோ போட்டாலும் கொள்ளாம்.

மார்த்தாண்டம்_ரசிகை:
இந்த ஒட்டின இடுப்பும் அகலப் பாவாடையும் 1947-இல் பாரிஸில் டியோர் காட்டினது. ஐம்பதுகள் முழுக்க அதுதான் ஓடியது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல். அப்போ இங்கே எத்தனை பேர் இதைப் போட்டிருப்பாங்கன்னு கேட்டால் பாட்டிமார் சிரிப்பாங்க! லேஸ் காலர் வையுங்க, ஊர் அடையாளமும் இருக்கும்.

வடசேரி_தையல்:
பாட்டி கையால் பின்னின பருத்தி லேஸ் இருக்கு, லேசா மஞ்சளித்தது. அதையே காலரில் வைக்கலாமா?

முளகுமூடு_லேஸ்:
தாராளமா. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து ரெண்டு நூற்றாண்டு ஆகுது, அதில் வந்த கைவேலையை அலமாரியில் வைத்து என்ன செய்ய? ஆனால் தைக்கும் முன் வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்பில் ஊற வையுங்க, பிழியாதீங்க. துண்டின் மேல் வடிவம் பிடித்து ஊசி குத்திக் காய வையுங்க. பருத்தி சுருங்கும், சாட்டின் அவ்வளவா சுருங்காது; அப்படியே தைத்தால் முதல் துவைப்பிலேயே காலர் சுருட்டும். பிளீச் தொடவே கூடாது, பழைய நூல் அற்றுப்போகும். மிஷினில் அடிக்காமல் கையால் ஓடுதையல் போட்டால் நாளைக்குப் பிரித்து வேறு உடுப்புக்கும் மாற்றலாம்.

வடசேரி_தையல்:
சரி அக்கா, இன்று ராத்திரியே ஊற வைக்கிறேன். ரெண்டு வரி ஓட்டி இழுத்ததில் இடுப்பு 28-க்கு வந்துடுச்சு. மரஸ்கேலுக்குத்தான் அம்மாவைச் சம்மதிக்க வைக்கணும், முட்டுவலி என்று இப்பவே சொல்லியாச்சு.

தக்கலை_டெய்லரக்கா:
அப்போ நீங்க ஸ்டூலில் ஏறி நில்லுங்க, அம்மா நாற்காலியில் உட்காரட்டும். ஸ்கேலைத் தரையிலேயே நிமிர்த்திப் பிடிக்கட்டும். பலகை அகலம் பாவாடைக்குப் போதாது, அதனால் பலகை மேல் ஸ்கேலை வைக்க வேண்டாம். அம்மாவை நகரச் சொல்லாமல் நீங்கதான் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பணும்.