420 டன் விண்வெளி நிலையத்தைக் கடலில் போடுவதா, மேலேயே விட்டுவிடுவதா?

வான்நோக்கி:
சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030-க்குப் பிறகு தென் பசிபிக் கடலில் விழவைக்கப் போகிறார்கள். அந்த ஒரு வேலைக்காகவே தனியாக ஒரு விண்கலம் செய்ய, 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்கு நாசா ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. அதிகபட்சம் 84 கோடியே 30 லட்சம் டாலர். கீழே தள்ள இவ்வளவு செலவு செய்கிறவர்கள், அதே காசில் மேலே தள்ளினால் என்ன? 1998 நவம்பரில் முதல் பகுதியான சார்யா ஏவப்பட்டது. 2000 நவம்பர் 2-ஆம் தேதி முதல் ஒருநாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் தரையில் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் மேலே ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இதை இன்னும் உயரத்துக்கு ஏற்றி, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடலாம். நூறு வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டுமே.

கோவை லேத்:
"விளக்கை அணைத்துவிட்டு" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள் நண்பரே. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஐஎஸ்எஸ் (சர்வதேச விண்வெளி நிலையம்) சும்மா மிதக்கிற கட்டடம் இல்லை. சுமார் 92 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 முறை வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். வெயில் படும் பக்கம் 120 டிகிரி, நிழல் பக்கம் மைனஸ் 150-க்கும் கீழே. அமோனியா ஓடுகிற குழாய்கள்தான் உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நிற்கும், திசையைப் பிடித்துவைக்கிற கருவிகளும் நிற்கும். அப்புறம் பேட்டரிகள், அழுத்தத்தில் இருக்கிற தொட்டிகள். இவையெல்லாம் கவனிக்க ஆள் இல்லாமல் கிடந்தால் வெடிக்கக்கூடியவை.

விண்வெளிக் குப்பை இன்னொரு பக்கம். இப்போது ஏதாவது துண்டு நெருங்கினால் எஞ்சினை இயக்கி விலகிக்கொள்கிறார்கள். ஆள் இல்லாத நிலையம் விலகாது. நிலையத்தை இறக்குவது பற்றிய நாசா அறிக்கையின் கணக்கில், ஆபத்தான மோதலுக்கான சராசரி இடைவெளி இப்போதைய உயரத்தில் சுமார் 51 வருஷம், 800 கி.மீ.யில் நான்கு வருஷத்துக்கும் குறைவு. 2007-ல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது, 2009-ல் இரிடியம் செயற்கைக்கோளும் பழைய ரஷ்யச் செயற்கைக்கோளும் மோதிக்கொண்டது, இரண்டும் அந்த உயரத்தை ஒட்டித்தான். அந்தச் சில்லுகள் இன்னும் அங்கே சுற்றுகின்றன. அங்கே கொண்டுபோய் 109 மீட்டர் அகலப் பொருளை நிறுத்தச் சொல்கிறீர்கள்.

கேள்விக்குறி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஈர்ப்புவிசையே இல்லாத இடத்தில் இருக்கிற பொருள் எப்படிக் கீழே விழும்?

கோவை லேத்:
தம்பி, அங்கே ஈர்ப்பு நன்றாகவே இருக்கிறது. 400 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நொடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் போவதால், விழுந்துகொண்டே பூமியைத் தவறவிடுகிறது, அவ்வளவுதான். கூடவே மெல்லிய காற்றும் இருக்கிறது. அது உரசி உரசி உயரத்தைக் குறைக்கும். அவ்வப்போது மேலே தள்ளாமல் விட்டால் ஓரிரு வருஷத்தில் தானாகவே வந்துவிடும்.

வான்நோக்கி:
800 கி.மீ. என்று நான் சொல்லவே இல்லை. 640-லிருந்து 680 கி.மீ. போதும், நூறு வருஷம் தாங்கும் என்று அதே நாசா அறிக்கைதான் சொல்கிறது. அதற்கு வேண்டிய எரிபொருள் 20 டன் சுற்றுவட்டாரம். இறக்குவதற்குச் செய்கிற கலத்திலேயே 16 டன் இருக்கப்போகிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆச்சு. மனம் இருந்தால் செய்யலாம். இவர்களுக்கு மனமில்லை.

வாத்தியார் (ஓய்வு):
மனசு இருக்கட்டும், நூறாவது வருஷம் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அப்போதும் அது விழத்தானே போகிறது? துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கிற இணைப்பு வாயிலில் எந்தக் கலத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தி, எந்தப் பக்கம் தள்ளுவீர்கள்? அதன் பாதை 51.6 டிகிரி வடக்கிலிருந்து 51.6 டிகிரி தெற்கு வரை. சென்னை, கொல்கத்தா, பெய்ஜிங், பாரிஸ் எல்லாம் அதற்குள்தான். உலக மக்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டைக்குள் இருக்கிறார்கள்.

1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் விழுந்தபோது நான் பள்ளி மாணவன். தலையில் விழப்போகிறது என்று ஊரே பேசியது. கடைசி ஆட்டுக்குட்டியை அடித்துச் சாப்பிட்டுவிட்டவர்களும் உண்டு! அது 77 டன். சரியாகக் கட்டுப்படுத்த முடியாமல் ஜூலை 11 அன்று வந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் ஊரைச் சுற்றிச் சிதறியது. குப்பை போட்டதற்கு அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது தனிக்கதை. சோவியத் யூனியனின் சல்யூட் 7 நிலையமும் 1991-ல் அர்ஜென்டினாமேல் சிதறியது. மாறாக, 130 டன் மிர் நிலையத்தை 2001 மார்ச் 23 அன்று ரஷ்யர்கள் குறிபார்த்துப் பசிபிக்கில் இறக்கினார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. இதில் எது வேண்டும் உங்களுக்கு?

மல்லிகைப்பந்தல்:
இரண்டு தரப்புமே "இறக்கினால் எரிந்துபோகும், கடலில் விழும், முடிந்தது" என்று பேசுகிறீர்கள். முடியவில்லை. 2021 மார்ச்சில் ஐஎஸ்எஸ்ஸிலிருந்து பழைய பேட்டரிகள் அடுக்கிய ஒரு தட்டைக் கையால் விட்டெறிகிற மாதிரி இயந்திரக் கையால் விட்டார்கள். 2.6 டன். முழுசாக எரிந்துவிடும் என்றார்கள். 2024 மார்ச்சில் அதில் ஒரு உலோகத் துண்டு, முக்கால் கிலோகூட இல்லை, ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துத் தரைவரை இறங்கியது. எரிகிறதும் எங்கேயும் போய்விடுவதில்லை. 2023-ல் வந்த ஆய்வு ஒன்று, மேல்வளிமண்டலத்தில் இருக்கிற கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில் விண்கலங்களின் அலுமினியமும் மற்ற உலோகங்களும் இருப்பதைக் காட்டியது. 420 டன்னில் எரிகிற பங்கும் அதில்தான் சேரும்.

என்னைக் கேட்டால் இதை இவ்வளவு பெரிதாகக் கட்டியதே வீண். வருஷத்துக்கு 300 கோடி டாலர் அளவில் நாசா மட்டும் செலவழிக்கிறது. என்ன கிடைத்தது?

கோவை லேத்:
மல்லிகை அக்கா, ஃபுளோரிடா விஷயம் சரி. ஆனால் அந்தத் தட்டு எங்கே விழவேண்டும் என்று யாரும் குறிவைக்கவில்லை. தானாக விழட்டும் என்று விட்டது. தென் பசிபிக்கில் நெமோ முனை என்கிற இடத்துக்கு 2,600 கி.மீ. சுற்றுவட்டத்தில் நிலமே கிடையாது. குறிவைத்து இறக்குவதற்குத்தான் இந்த 84 கோடி.

என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். எடையைத் தாங்கும் எலும்புகள் விண்வெளியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும் என்பதும், தினமும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்தால் அதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பதும் இந்த மாதிரி நிலையங்களில் ஆட்கள் மாதக்கணக்கில் கிடந்ததால் தெரிந்தது. கண்ணின் பின்பக்கம் தட்டையாகிப் பார்வை மாறுவதும் இங்கேதான் கவனத்துக்கு வந்தது. வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிற அளவுக்கு 2023-ல் வந்துவிட்டார்கள். செவ்வாய்க்குப் போகிறவன் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டா போவான்?

மல்லிகைப்பந்தல்:
செவ்வாய்க்கு யார் போகச் சொன்னது?

வான்நோக்கி:
அக்கா, அது வேறு இழை, அங்கே வாருங்கள் சண்டை போடலாம்.

வாத்தியார் ஐயா சொன்னதற்கு வருகிறேன். நூறு வருஷத்தில் அவர்களுக்கு நம்மைவிட நல்ல கருவிகள் இருக்காதா? இன்றைக்கு முடியாததால் இன்றைக்கே அழிக்கவேண்டுமா? அல்லது துண்டு துண்டாகக் கழற்றி இறக்குங்கள். நிலையத்தின் ஒரு பகுதியான டெஸ்டினி ஆய்வகம் 14.5 டன்தான்.

கோவை லேத்:
எதில் இறக்குவது? அவ்வளவு பெரிதாக எதையும் தாங்கி வரக்கூடிய ஷட்டில் விண்வெளி ஓடம் 2011-லேயே நின்றுவிட்டது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்துக்குள் ஒரு ஆய்வகம் நுழையாது. கழற்றுவதாவது நடக்குமா என்றால், பூட்டவே 160-க்கு மேற்பட்ட விண்நடைகள் ஆயின. இருபது வருஷம் வெயில்பட்டுப் பற்றிக்கொண்டிருக்கிற போல்ட்டை, குண்டான கையுறையோடு எவன் கழற்றுவான்? அங்கிருக்கிற மணி, பதிவேடுகள், சின்னங்கள் ஒட்டிய பலகைகள் மாதிரி சிறு பொருட்களைக் கொண்டுவரலாம் என்று பேசியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொன்று, கசிவு. ஸ்வெஸ்டா என்கிற ரஷ்யப் பகுதியோடு சேர்ந்த குறுகிய இணைப்பு அறையில் 2019-ல் காற்று கசியத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனது. நூறு வருஷம் பேசுகிறீர்கள். எனக்கு 2030 வரை தாங்குமா என்பதே கவலை.

வான்நோக்கி:
கசிவு இருப்பதால்தான் சொல்கிறேன், ஆட்களை இறக்கிவிட்டுக் கூட்டை மட்டும் காப்பாற்றுங்கள் என்று. காற்றே வேண்டாத கூட்டில் கசிவு என்ன செய்யும்? நூறாவது வருஷத்துக்கு எரிபொருளையும் எஞ்சினையும் அப்போதே வேறு கலத்தில் அனுப்பிக்கொள்ளலாம்.

வாத்தியார் (ஓய்வு):
சுழன்றுகொண்டிருக்கிற 420 டன்னில் போய் ஒட்டவேண்டும், தம்பி. ஒட்டுகிற ஆள் யார், காசு யார் தருவது, தவறினால் பழி யாருக்கு? இன்றைக்கு இருப்பவர்கள் சம்மதித்துப் பேரன்மேல் எழுதிவைக்கிற கடன் அது. 2035-ல் நம் இந்தியாவும் சொந்த நிலையம் வைக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதன் தலைக்குமேல் ஆளில்லாத ஒன்று உடைந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், மற்றதை நாளை பார்க்கலாம்.