இஜிஆரை அடைச்சுடச் சொல்றாங்க, செய்யலாமா?

கோட்டையூர்_டீசல்:
2018 மாடல் பிஎஸ்4 டீசல் கார், 82,000 கி.மீ. தினமும் கோட்டையூர்–காரைக்குடி, எப்பவாவது பிள்ளையார்பட்டி, அவ்வளவுதான் ஓட்டம். செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0401ங்கிற கோளாறு கோடு. மிதிச்சா பிக்கப் தயங்குது, கரும்புகை வருது. ஒரு மெக்கானிக் தகடு வெச்சு இஜிஆரை (புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுற அமைப்பு) அடைக்கலாம்கிறார், இன்னொருத்தர் புது வால்வுங்கிறார். புகையைத் திரும்ப எஞ்சினுக்குள்ளயே விடுறது எதுக்கு?

பள்ளத்தூர்_ஸ்பேனர்:
தம்பி, சிலிண்டருக்குள்ள சூடு ஏற ஏற, காத்துல இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். நுரையீரலுக்குக் கெடுதல். எரிஞ்சு முடிஞ்ச புகையில ஆக்சிஜன் கம்மி. புதுக் காத்தைவிடக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். அதைக் கொஞ்சம் கூலர்ல ஆறவெச்சு உள்ளே விட்டா, அது எரியாது, சூட்டை மட்டும் வாங்கிக்கும். உச்ச வெப்பம் இறங்கிடும். டீசல்ல லேசா ஓட்டும்போது நிறைய புகை திரும்பும். முழுசா மிதிச்சா வால்வு மூடிக்கும்.

அடைச்சா இன்டேக்ல (காத்து உள்ளே போற பாதையில) கரி சேராது, உண்மைதான். ஆனா தலைவலி போய் திருகுவலி: லைட் அணையாது, சில கார்ல பவரையே குறைச்சுடும். புகைச் சான்றிதழ் கிடைச்சுடுதேன்னு சொல்வாங்க. டீசலுக்கு அங்கே பார்க்கிறது புகையின் அடர்த்தி மட்டும்தான், நைட்ரஜன் ஆக்சைடு அதுல தெரியவே தெரியாது.

கானாடுகாத்தான்_77:
பி0401னா "புகை போதுமான அளவு திரும்பலை"ன்னு அர்த்தம். வால்வு செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. பல டீசல் கார்ல இதை ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கணக்குப் போடுறது, உள்ளே போற காத்தை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சாரை வெச்சு. இஜிஆர் திறந்தா அந்த அளவுக்குப் புதுக் காத்து குறையணும். குறையலைன்னா கோடு விழும். சென்சார்ல அழுக்கு இருந்தாலும் இதே கோடு வரலாம். அதனால முதல்ல அதுக்குன்னே விக்கிற கிளீனரை அடிச்சு, காயவிட்டுப் பாருங்க. சென்சாருக்குள்ள இருக்கிற கம்பியை விரலால தொடாதீங்க. அப்புறம் ஸ்கேனர்ல வால்வைத் திறக்கச் சொல்லி, கேட்ட அளவும் திறந்த அளவும் ஒத்துப்போகுதா பாருங்க. ஒத்துப்போச்சுன்னா வால்வு நல்லாத்தான் இருக்கு, பாதைதான் அடைப்பு. கரும்புகையும் அதையேதான் சொல்லுது: மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற குழாய்) குறுகிப்போய் காத்து பத்தலை.

தேவகோட்டை_கராஜ்:
வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ற முறை. எஞ்சின் நல்லா ஆறணும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. புகைப்பக்க போல்ட் இறுகியிருக்கும்; முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடிச்சு வைங்க, அவசரப்பட்டா தலை முறிஞ்சிடும். வால்வோட மோட்டார் பக்கம் மேலே இருக்கிற மாதிரி பிடிச்சு, கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு 10 நிமிஷம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ல தேயுங்க. ஸ்க்ரூடிரைவரால நெம்பினா வால்வு உட்கார்ற சீட்ல கீறல் விழும், அப்புறம் மூடினாலும் கசியும். மோட்டாரோட முக்கிவைக்கவே கூடாது. மேனிஃபோல்டைச் சுரண்டுறதா இருந்தா தனியாக் கழற்றிச் சுரண்டுங்க, எஞ்சின் பக்கம் திறந்திருக்கிற போர்ட்டுகளை (காத்து நுழையுற ஓட்டைகளை) துணியால மூடிடுங்க. ஒரு கட்டி சிலிண்டருக்குள்ள விழுந்தா பெரிய செலவு. பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீங்க. மாட்டினதும் ஸ்கேனர்ல வால்வோட மூடின நிலையை ஈசியூவுக்குக் கத்துக்கொடுக்கணும். இதை விட்டுட்டாத்தான் மறுநாளே லைட் திரும்ப வரும்.

கரியைத் தொட்டும் பாருங்க. காஞ்ச பொடியா இருந்தா சாதாரணம். தார் மாதிரி ஒட்டினா பிரீதர் (எஞ்சினுக்குள்ள சேர்ற காத்தை வெளியேத்துற குழாய்) வழியாவோ டர்போ வழியாவோ ஆயில் வருது. அதைச் சரி பண்ணாம துடைச்சுப் பிரயோஜனம் இல்லை.

கோட்டையூர்_டீசல்:
நன்றிண்ணே. கூலன்ட்டும் மாசம் கொஞ்சம் குறையுது. சம்பந்தம் இருக்குமா?

தேவகோட்டை_கராஜ்:
இருக்கலாம், இதுதான் முக்கியம். இஜிஆர் கூலருக்குள்ள ஓடுறது எஞ்சின் கூலன்ட்தான். உள்ளே விரிசல் விட்டா வெளியே சொட்டாது, புகையோட போயிடும். வால்வைக் கழற்றும்போது ஒரு இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமா, ஈரமா இருந்தா கூலரைத் தனியாக் கழற்றி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. கசிஞ்சா வெல்டிங் வெச்சு அடைக்காதீங்க, மாத்திடுங்க.

பள்ளத்தூர்_ஸ்பேனர்:
இவ்வளவும் முடிஞ்சப்புறம், வாரம் ஒரு நாளாவது திருமயம் வரை போய்த் திரும்புங்க தம்பி. சூடு ஏறினப்புறம் 2,000–2,500 ஆர்பிஎம்ல நிறுத்தி ஓட்டுங்க. கோட்டையூர் தூரத்துக்கு எஞ்சின் சூடேறவே நேரம் பத்தாது, கரி சேர்றது அதனாலதான்.