சர்க் கோட்டைக் காட்டில் புளூபெல் பூ பார்த்தவர்கள் உண்டா?

கால்நடை எழுதியது:

வேல்ஸ்-இங்கிலாந்து எல்லையில், ரெக்ஸம் பக்கத்தில் இருக்கிறது சர்க் கோட்டை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைப் போன மே மாதம் அங்கே கூட்டிப் போனேன். "கோட்டைன்னா செஞ்சி மாதிரி ஏறணுமாடா?" என்பதுதான் காரில் ஏறியதும் முதல் கேள்வி. சின்ன ஏற்றம்தான் என்றேன். அம்மாவின் முழங்கால் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

மேலே போனதும் அந்தக் குட்டையான, கனத்த வட்டக் கோபுரங்களைப் பார்த்து அம்மா சொன்னது: "நெல்லுக் குதிர் மாதிரில்ல இருக்கு!" அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கையோடு, ஊரை அடக்கி வைக்க ரோஜர் மார்ட்டிமர் என்ற பிரபு 1295 வாக்கில் கட்ட ஆரம்பித்தது. 1595-ல் தாமஸ் மிடில்டன் என்ற லண்டன் வியாபாரி 5,000 பவுனுக்கு வாங்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது முதல் போட்டவர்களில் இவரும் ஒருவர். இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கம்பெனி வந்தது 1600-ல்மா, கோட்டையை அதுக்கு முன்னாடியே வாங்கிட்டாரு" என்று ஏதோ நான்தான் அந்த ஆளுக்கு வக்கீல் மாதிரி பேசினேன். "சரி, அப்புறம் சம்பாதிச்சது எங்க போச்சாம்?" பதில் இல்லை என்னிடம்.

உள்ளே அறைகள், படங்கள், நாற்காலிகள். அதெல்லாம் எல்லாக் கோட்டையிலும் இருப்பதுதான். விஷயம் வெளியே இருக்கிறது. உருண்டையாகக் கத்தரித்து விட்ட யூ என்ற மரங்களைத் தாண்டி, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டாள். "என்னடா, உள்ள தண்ணி நிக்குது?"

தண்ணீர் இல்லை, புளூபெல். மரங்களுக்கு அடியில் தரையே தெரியாமல் நீலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை, மேலே இலைகள் மூடி வெயிலை மறைப்பதற்குள் அவசரமாகப் பூத்து முடித்துவிடும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் அவ்வளவு நீலமாகவும் இருக்காது. தண்டு ஒரு பக்கமாக வளைந்திருக்க, பூவெல்லாம் அந்தப் பக்கமே தொங்கும். கூட்டமாகப் பார்க்கும்போதுதான் அந்த நிறம்.

புளூபெல் வாசனையில் நான் நிற்க, அம்மா வேறு ஏதோ மோப்பம் பிடித்தாள். "யாரோ பூண்டு தட்டுறாங்க." சரிவில் வெள்ளை நட்சத்திரப் பூக்களோடு காட்டுப்பூண்டு. ஓர் இலையைக் கசக்கி என் மூக்கில் வைத்தாள். பூண்டேதான். துவையலுக்கு ஒரு கைப்பிடி பறிக்கிறேன் என்றவளைத் தடுத்து நிறுத்தினேன்.

அப்படி யோக்கியனாக இருந்த நான்தான் அடுத்த நிமிடமே படம் எடுக்கிற அவசரத்தில் பாதையை விட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன். கத்தரிக்கோலோடு வந்த ஒரு வயதான தன்னார்வலர் திட்டவில்லை. என் காலடியைக் காட்டினார், அவ்வளவுதான். மிதிபட்ட இலைகள் நசுங்கி, சாறு கசிந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. பூ போனால் போகிறது, இலை நசுங்கினால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை என்றார். விதை விழுந்து பூக்கும் செடியாக வர ஐந்து வருஷமாவது ஆகுமாம். ஷூ ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டிய அந்தச் சாறு ஒரு காலத்தில் பசை. புத்தகத் தாள்களை ஒட்டி அட்டை போடவும், அம்பில் இறகு ஒட்டவும் அதைத்தான் எடுத்தார்களாம். படத்தை அழித்துவிட்டேன். நன்றாகவும் வரவில்லை.

அரைப்படி எழுதியது:

அம்மாவைத் தடுத்தது நல்லது. காட்டுப்பூண்டுக்கு நடுவிலேயே இன்னொரு செடியின் இளம் இலை கலந்து வளரும், அது விஷம். அவசரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நாங்கள் நடந்தே போனோம். இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து, படகு போகும் கால்வாயையே தூக்கிக்கொண்டு போகும் பாலத்தின் மேல். 1801-ல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டியது, 21 மீட்டர் உயரம், கீழே கெய்ரியோக் ஆறு. ஆற்றைக் கடந்தால் வேல்ஸ். பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலம். பாலம் முடிந்ததும் அதே கால்வாய் நுழையும் 420 மீட்டர் சுரங்கம், உள்ளே விளக்கு கிடையாது. மறுமுனை எட்டணாக் காசு மாதிரி தெரிந்தது. பாதி வழியில் எதிரே ஒரு படகு வந்தது. அதன் விளக்கும், செங்கல் சுவரில் தண்ணீர் அலம்பும் சத்தமும் நெருங்க நெருங்க, என் பையன் கைப்பிடிக் கம்பியையும் என் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

கோட்டைக்குக் கீழே சாலையோரம் ஓர் ஓக் மரம் இருக்கிறதே, பார்த்தீர்களா? ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது. 1165-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றியின் படையை வேல்ஸ்காரர்கள் இங்கே மறித்த சண்டையில் செத்தவர்களை அந்தப் பக்கம் புதைத்ததாகச் சொல்கிறார்கள். பேரே 'இறந்தவர் வாசல் ஓக்'. 2010-ல் பிளந்துவிட்டது. பிளந்த பாதியிலும் துளிர் இருந்தது.

கால்நடை எழுதியது:

மரத்தைத் தவறவிட்டேன். அம்மாவுக்குப் பிடித்தது வேறு. மொட்டைமாடி போன்ற மேடையிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே விரிப்பாகத் தெரிகிறது, வேலி இல்லை, ஆனாலும் ஆட்டுக்குட்டி ஒன்றுகூடத் தோட்டத்துக்குள் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு பள்ளம், தோட்டத்துப் பக்கம் செங்குத்தாகச் சுவர். ஹா-ஹா என்று பெயர். "நம்ம கொல்லையில இத வெட்டியிருந்தா பக்கத்து வீட்டு ஆடு என் கத்திரிச்செடியத் தின்னுருக்குமா?" என்று அங்கேயே நின்று கால் மணி நேரம் அதன் ஆழத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.